கார் வேலைக்கென்று தனி ஷெட்: மண்ணிலிருந்து கூரை வரை

போர்டிகோவில் காரை நிறுத்தலாம், கழுவலாம், பேட்டரி மாற்றலாம். கியர்பாக்ஸை இறக்க வேண்டிய நாளில்தான் அது போதாது என்று தெரியும். கதவை முழுசாகத் திறக்க முடியாது. டைல்ஸ் மேல் ஜாக்கி வழுக்கும். மழை சாய்ந்தடித்தால் கழற்றி வைத்த சாமானெல்லாம் நனையும். பாதியில் நிற்கும் வேலையைத் தாண்டித்தான் வீட்டுக்குள்ளேயே போக வேண்டியிருக்கும். அம்பாசிடர், பத்மினி, மாருதி 800 என்று பழைய வண்டி வைத்துக்கொண்டு தன் கையாலேயே வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் தனி ஷெட் தேவைப்படுகிறது.

இங்கே எடுத்துக்கொள்வது கோவைப் பக்கத்து மனை: பத்து சென்ட், முன்னால் வீடு, பின்னால் காலியிடம், கரிசல் மண். மற்ற ஊர்களில் மண்ணும் காற்றும் மழையும் மாறும், கட்டும் முறை பெரிதாக மாறாது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷெட்டின் இடம், தரை, உயரம் மூன்றையும் கட்டிய பிறகு மாற்ற முடியாது. பெயின்ட், அலமாரி, எபாக்ஸி, கம்ப்ரஸர், ஏன் காரைத் தூக்கும் லிஃப்ட்கூட, அடுத்த தீபாவளி போனஸில் வாங்கலாம். கையில் இருக்கும் பணம் முதலில் அந்த மூன்றுக்குத்தான் போக வேண்டும்.

1. அளவு: நிற்கும் காருக்கு அல்ல, பிரித்த காருக்கு

அம்பாசிடர் சுமார் 4.3 மீட்டர் நீளம், 1.66 மீட்டர் அகலம். அடியில் சொன்னால் 14-க்கு ஐந்தரை. இதற்கு 10 அடிக்கு 18 அடி போதும் என்று மேஸ்திரி சொல்வார். நிறுத்துவதற்குப் போதும்தான். வேலைக்குக் கணக்கு வேறு. இன்ஜினைத் தூக்கும் கிரேன் காருக்கு முன்னால் நின்று பின்வாங்க 5 அடி, டிக்கியைத் திறந்து நிற்க 3 அடி, சுவரோரம் பெஞ்சுக்கு 2 அடி. ஆக நீளம் 24 அடி. அகலத்தில் இரண்டு பக்கமும் கதவைத் திறந்து, படுக்கை டிராலியில் உள்ளே சறுக்க பக்கத்துக்கு 4 அடி வேண்டும். ஒரு பக்கச் சுவரில் ரேக்குக்கு 2 அடி. கூட்டினால் பதினைந்தரை, முழுசாக 16 என்று வையுங்கள். ஆக, உள்ளளவு 16 அடிக்கு 24 அடி என்பதுதான் ஒரு காருக்கான குறைந்தபட்ச அளவு என்பேன். இன்னோவா கிரிஸ்டா மாதிரி 4.7 மீட்டர் வண்டி என்றால் நீளத்தை 26 ஆக்குங்கள். இரண்டாவது கார் சும்மா நிற்கத்தான் என்றால் அகலத்தில் 10 அடி கூட்டினால் போதும்.

தாளில் போட்ட கணக்கை நம்பி வானம் தோண்ட வேண்டாம். மனையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, காரை நடுவில் நிறுத்தி, நான்கு கதவையும் பானெட்டையும் டிக்கியையும் திறந்து சுற்றி நடந்து பாருங்கள். பெஞ்ச் வரும் இடத்தில் ஒரு மேசையைப் போடுங்கள். தெருவிலிருந்து அந்தக் கோட்டுக்குள் ரிவர்ஸில் ஒரே திருப்பில் வர முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பக்கவாட்டு வழி 10 அடி இருந்தால் நிம்மதி.

2. எந்த மூலை

முதலில் பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, போர்வெல், பழைய கழிவுக் குழாய். ஒன்றரை டன் வண்டி ஏறி இறங்கும் என்று நினைத்து யாரும் வீட்டு சம்ப்புக்கு மூடி போட்டிருக்க மாட்டார்கள். மேலே மின்கம்பி போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கோவையில் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று மேற்கிலிருந்து விடாமல் அடிக்கும். ஷட்டரை மேற்கே வைத்தால் புழுதி முழுவதும் திறந்து கிடக்கும் சிலிண்டருக்குள் போகும். கிழக்கு அல்லது வடக்கு வாசல் நல்லது. வடக்கு வெளிச்சம் நாள் முழுக்க ஒரே சீராக இருப்பதால் பெஞ்சையும் அந்தப் பக்கம் வைக்கலாம். வாஸ்து பார்ப்பவர்கள் வண்டிக்கு வாயு மூலையையோ அக்னி மூலையையோ சொல்வார்கள். வடமேற்கில் கட்டிக் கிழக்கே வாசல் வைத்தால் வீட்டுப் பெரியவர்களும் சம்மதிப்பார்கள், காற்றும் சரியாக வரும்.

3. அனுமதி

"ஷெட்டுதானே, எதற்கு பிளான்" என்பதுதான் எல்லோரும் சொல்வது. தனியாக நின்றாலும் அது கட்டடம்தான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இதற்கும் பொருந்தும். எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி மனையின் அளவையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்தது. லிஃப்டுக்காக 13 அடி உயரம் கேட்கும்போது இது முக்கியம். பதிவு பெற்ற பொறியாளரிடம் ஏற்கெனவே உள்ள வீட்டு அனுமதி வரைபடத்தைக் கொடுத்து, ஷெட்டைச் சேர்த்து வரைந்து, உள்ளாட்சியில் அனுமதி வாங்குங்கள். சொத்து வரிக் கணக்கிலும் அது ஏறும்.

சொந்த வண்டியில் சொந்த வேலை என்பது வரை இது வீட்டின் ஒரு பகுதி. நண்பரின் நண்பர், அவருடைய மச்சான் என்று காசு வாங்கி வேலை பார்க்கத் தொடங்கினால் அது தொழிற்கூடம். மின் கட்டண வகை மாறும், தொழில் உரிமம் வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் அதில் நியாயமும் இருக்கும்.

4. லிஃப்டா, குழியா

இதை இப்போதே முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் தரையும் உயரமும் இதைப் பார்த்துத்தான் அமையும்.

குழி மலிவு. பழைய ஒர்க்‌ஷாப்களில் எல்லாம் குழிதான். புதிதாக வீட்டில் கட்டுகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. எல்.பி.ஜி.யும் அப்படியே. இரண்டும் வழிந்துபோய்க் குழியில் தேங்கும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவு ஆவி விடும் பொருள். குழிக்குள் ஒரு குண்டு பல்பு உடைந்தால் போதும், அதிலிருந்து ஏறித் தப்பிக்க வழி ஒன்றே ஒன்றுதான். சைலன்சர் புகையும் அங்கேதான் இறங்கும். சென்னை வேளச்சேரி போல நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடங்களில் ஐப்பசிக்குள் அது கிணறாகிவிடும். இல்லை, குழிதான் என்று முடிவு செய்தால் உள் அகலம் இரண்டரை அடிக்கு மேல் போக வேண்டாம், மாருதி 800-இன் சக்கரங்களுக்கு நடுவே அவ்வளவுதான் நிம்மதியான இடம். ஆழம் நாலரை முதல் ஐந்து அடி. இரண்டு முனையிலும் படி, அடியிலிருந்து காற்றை இழுத்து வெளியே தள்ளும் குழாய், வேலை இல்லாதபோது மூடப் பலகை. இவை இல்லாமல் குழி கூடாது.

இரண்டு தூண் லிஃப்ட்தான் வீட்டுக்கு ஏற்றது. இப்போது வாங்கவில்லை என்றாலும் அதற்கான தரையைப் போட்டு வைத்துவிடுங்கள். கார் உயரம் 1.8 மீட்டர், நீங்கள் அடியில் நிமிர்ந்து நிற்க 1.8 மீட்டர். 12 அடி ஆகிவிட்டது. மேலே ஓர் அடி விட்டு, கூரையின் மிகத் தாழ்ந்த பாகம்வரை 13 அடி வையுங்கள். மாருதி 800 மட்டும் என்றால் 12 அடியே தாராளம். வண்டி மாறும், ஷெட் மாறாது.

லிஃப்டே வேண்டாம் என்பவர்களுக்கு நல்ல ஜாக் ஸ்டாண்டு நான்கு போதும். வெறும் ஜாக்கியை நம்பியோ, ஹாலோ பிளாக்கை அடுக்கி வைத்தோ அடியில் போகக் கூடாது. ஹாலோ பிளாக் மெல்ல நசுங்காது, எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரே நொடியில் சிதறும்.

5. மண்ணும் அஸ்திவாரமும்

கரிசல் மண் மழைக்கு உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் நேராகத் தரை போட்டால் இரண்டு பருவத்தில் தரையும் வெடிக்கும். ஷெட் பரப்பு முழுவதும் இரண்டடி கரிசலைத் தோண்டி வெளியேற்றி, கிராவல் நிரப்புங்கள். மொத்தமாகக் கொட்டித் தண்ணீர் விட்டால் போதும் என்பார்கள். போதாது. ஆறு முதல் எட்டு அங்குலம் கொட்டி, நனைத்து, பிளேட் வைப்ரேட்டர் ஓட்டி, பிறகு அடுத்த அடுக்கு. வேலை ஆட்கள் சலித்துக்கொள்வார்கள். பக்கத்தில் நில்லுங்கள்.

16-க்கு 24 ஷெட்டுக்கு 12 அடி இடைவெளியில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு தூண்கள். ஒவ்வொன்றின் குழியும் கரிசலைத் தாண்டிக் கெட்டி மண்ணைத் தொட வேண்டும். கோவைப் பக்கம் பெரும்பாலும் கீழே சுக்கான் (சுண்ணாம்புக் கல் கலந்த கெட்டி மண்) கிடைக்கும், அதில் உட்கார்ந்தால் கவலையில்லை. தூணுக்கு அடியில் வரும் ஃபூட்டிங்கின் அளவைப் பொறியாளர் சொல்லட்டும். தூண்களை இணைக்கும் பிளிந்த் பீம் தரை மட்டத்துக்கு மேல் வந்து, ஷெட் தரை சுற்றுப்புறத்தைவிடக் குறைந்தது ஓர் அடி உயரமாக நிற்க வேண்டும். தைப்பொங்கல் முடிந்ததும் தொடங்குவது உத்தமம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், மண் உலர்ந்திருக்கும், தென்மேற்குக் காற்றுக்கு முன் கூரை ஏறிவிடும்.

6. தரை

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. காசை மிச்சம் பிடிக்க வேறு எங்காவது பாருங்கள்.

இறுகிய கிராவலுக்கு மேல் 4 அங்குலம் ஜல்லிக் கான்கிரீட். அதற்குமேல் தடித்த பாலித்தீன் ஷீட், ஈரம் மேலே ஏறாமல் இருக்க. ஓரங்களில் ஓர் அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். பிறகு 6 அங்குலம் எம்-25 தரக் கான்கிரீட், 8 மி.மீ. கம்பி 6 அங்குல இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக. கம்பி வலை தரையில் கிடக்கக் கூடாது, கவர் பிளாக் வைத்து மேல் பாதியில் நிற்க வேண்டும். லிஃப்ட் தூண் வரும் இரண்டு இடத்திலும் 4 அடிக்கு 4 அடி சதுரத்தில் தடிமனை ஓர் அடியாக்கி, மேலும் கீழும் இரண்டு வலை. லிஃப்ட் கம்பெனிகள் இதைவிடக் குறைவாகவே கேட்கும். நான் கூடுதலாகச் சொல்வது, தலைக்கு மேல் ஒன்றரை டன் தொங்குவதை நினைத்து.

கணக்குப் போட்டால் 208 கன அடி, கிட்டத்தட்ட 5.9 கன மீட்டர். சிந்துவது சிதறுவது சேர்த்து ஆறரை. ஒரே ரெடிமிக்ஸ் லாரியில் அடங்கும். மிக்ஸர் வைத்துக் கலந்தால் ஒவ்வொரு கலவையும் ஒவ்வொரு தண்ணீரில் வரும், ஆகவே தரைக்கு மட்டுமாவது ரெடிமிக்ஸ் சொல்லுங்கள். லாரி உள்ளே வர வழி இல்லையென்றால் பம்ப் உண்டு. டிரைவரிடம் யாராவது "கொஞ்சம் தண்ணி விடுங்கண்ணா, இழுக்க வரல" என்று சொன்னால் அங்கேயே தடுக்க வேண்டும். அந்தத் தண்ணீர் வலிமையைத் தின்றுவிடும்.

சரிவைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. கார் கழுவும் இடம்போல முழுத் தரையையும் வாசலுக்குச் சரித்தால் டிராலி தானாக ஓடும், ஜாக்கி உருளும், வீல் அலைன்மென்ட்டுக்கு நூல் கட்டிப் பார்ப்பதும் நடக்காது. உள்ளே 18 அடி ரசமட்டத்துக்குச் சரியாக, வாசலோர 6 அடி மட்டும் நூற்றுக்கு ஒன்று சரிவு. இதைக் கொத்தனாரிடம் வாயால் சொல்லாதீர்கள், ஓரப் பலகைகளில் டியூப் மட்டம் பிடித்து ஆணி அடித்துக் காட்டுங்கள்.

பவர் டிரவல் மிஷின் ஓட்டி, மேற்பரப்பைக் கெட்டியாக்கும் ஹார்டனர் பொடி தூவி மழமழப்பாக்குங்கள். மறுநாளுக்குள் கட்டர் வைத்து, தடிமனில் கால்பங்கு ஆழத்துக்கு, 12 அடிக்கு ஒரு கோடு வெட்ட வேண்டும். கான்கிரீட் சுருங்கும்போது எங்காவது விரியத்தான் செய்யும், நாம் வெட்டிய கோட்டில் விரியட்டும். லிஃப்ட் தூண் அருகே கோடு வரக் கூடாது. பாத்தி கட்டிப் பத்து நாள் தண்ணீர் நிறுத்துங்கள். லிஃப்ட் போல்ட்டுக்கும் எபாக்ஸிக்கும் 28 நாள் பொறுக்க வேண்டும். டைல்ஸ் வேண்டாம். ஜாக் ஸ்டாண்டின் கால் ஒரே புள்ளியில் அழுத்தினால் எந்த வீட்டு டைல்ஸும் தாங்காது.

7. சட்டமும் கூரையும்

ஃபேப்ரிகேட்டர்கள் சதுர அடிக்கு ரேட் சொல்வார்கள். கிலோ கணக்கில் கேளுங்கள். சதுர அடிக் கணக்கில் அவருக்கு லாபம் பைப்பை மெலிதாக்குவதில்தான். 100-க்கு 100 சதுர பைப் 4 மி.மீ. தடிமனில் மீட்டருக்குச் சுமார் 12 கிலோ வரும். வெர்னியர் காலிப்பர் உங்களிடம் இருக்கும், பைப் இறங்கும்போதே வைத்துப் பாருங்கள்.

காற்றுக்கு இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 கோவைக்கும் மதுரைக்கும் நொடிக்கு 39 மீட்டர் அடிப்படை வேகம் தருகிறது, சென்னைக்கு 50. வேகத்தின் வர்க்கத்தில் அழுத்தம் ஏறும் என்பதால் சென்னையில் இதே ஷெட் ஒன்றரை மடங்குக்கும் மேல் அழுத்தம் தாங்க வேண்டும். 2016-இல் வர்தாவும் 2018-இல் கஜாவும் ஷீட்டுகளைப் பிய்த்தெறிந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்று கூரையை அழுத்துவதைவிட மேலே இழுப்பதே அதிகம். ஷீட், அதைத் தாங்கும் குறுக்குப் பைப் (பர்லின்), கூரைச் சட்டம் (டிரஸ்), தூண், ஃபூட்டிங் என ஒவ்வொரு இணைப்பும் அந்த இழுப்பைத் தாங்க வேண்டும்.

ஷீட் போதுமா, இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை அடைத்த பஃப் பேனலா? கத்திரி வெயிலில் வெறும் ஷீட்டுக்குக் கீழே மதியம் இரண்டு மணி நேரம் ஸ்பானர் பிடித்துப் பார்த்தால் விடை தெரியும். 50 மி.மீ. பஃப் பேனல் விலை கூடுதல்தான், மழைச் சத்தத்தையும் அது குறைக்கும். முடியாதென்றால் கலர் ஷீட்டுக்கு அடியில் அலுமினிய ஃபாயில் ஒட்டிய இன்சுலேஷன். மேலே முகட்டில் காற்றுத் திறப்பு கட்டாயம் வேண்டும். வெப்பத்துக்கு மட்டுமல்ல, சி.என்.ஜி. காற்றைவிட லேசானது, கசிந்தால் கூரையடியில்தான் சேரும். டர்போ வென்டிலேட்டர் இரண்டு வைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: டிரஸ்ஸில் செயின் பிளாக் மாட்டி இன்ஜின் தூக்காதீர்கள். கூரைக்குப் போட்ட கணக்கில் அந்தப் பாரம் இல்லை. அதற்கு மடக்கு கிரேன் இருக்கிறது.

கூரை நீரை ஓரத்தில் தகரக் கால்வாய் வைத்துப் பிடியுங்கள். 50 மி.மீ. மழைக்கு இந்தக் கூரையிலிருந்து 1,700 லிட்டருக்கு மேல் வரும். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், அந்தக் குழிக்கே விடலாம். தரை கழுவிய தண்ணீர் மட்டும் அதில் ஒரு சொட்டும் சேரக் கூடாது. எண்ணெய் நேராகப் போர்வெல்லுக்கு இறங்கும்.

8. சுவர், வாசல்

7 அடிவரை 6 அங்குல ஹாலோ பிளாக், அதற்குமேல் ஷீட். தரையோரம் எதிரெதிர்ச் சுவர்களில் காற்றுத் துவாரங்கள் விடுங்கள், கீழே இறங்கும் பெட்ரோல் ஆவி வெளியேற. அவற்றுக்கு நெருக்கமான கம்பி வலை அடிக்க வேண்டும். எலி ஒரு முறை ஒயரிங்கைக் கடித்தால் அந்த வலையின் விலை நினைவுக்கு வரும். வாசல் 10 அடி அகலம், 8 அடி உயரம். ஷட்டர் சுருளும் பெட்டி மேலே ஓர் அடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் ஆள் போக ஒரு சின்னக் கதவு, வெளிப்பக்கம் திறக்கும்படி. ஷட்டரை மூடிக்கொண்டு இன்ஜினை ஓட விடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

9. கரண்டும் காற்றும்

வீட்டில் மூன்று பேஸ் இருந்தால் பாதி வேலை முடிந்தது. லிஃப்ட் மோட்டார் பெரும்பாலும் 3 எச்.பி., கம்ப்ரஸர் 2 எச்.பி., இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின் தனியாக 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டு போர்டிலிருந்து ஆர்மர்டு கேபிளை இரண்டரை அடி ஆழத்தில் மணல், செங்கல் மூடிப் புதைத்து, ஷெட்டுக்குத் தனி டி.பி. (மின் பகிர்வுப் பெட்டி) வையுங்கள். மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., தனி எர்த் குழி. இதில் பேரம் வேண்டாம், வியர்வையும் இரும்பும் கான்கிரீட் தரையும் சேர்ந்த இடம் இது. வெல்டிங்குக்கு 6 சதுர மி.மீ. ஒயர் தனி லைனாக, மற்ற பவர் பிளக்குகளுக்கு 4. பிளக்குகள் இடுப்புக்கு மேலே, தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கட்டும். ஆவி தரையோடு ஊரும், ஸ்விட்ச் பொறி அதற்கு எட்டக் கூடாது.

20 வாட் எல்.இ.டி. டியூப் பன்னிரண்டு இருந்தால் பொது வெளிச்சத்துக்குப் போதும். நடுவில் வரிசையாகப் போடாதீர்கள், லிஃப்டில் கார் ஏறினால் அதன் கூரை மொத்தத்தையும் மறைக்கும். இரண்டு பக்கச் சுவரோரமும் பிரித்துப் போடுங்கள். பெஞ்சுக்கு மேல் தனியாக இரண்டு.

கம்ப்ரஸரை உள்ளே வைத்தால் சத்தத்தில் பேச முடியாது. வெளியே நிழலில் ஒரு சாய்ப்பு இறக்கி, வலைக் கதவு போடுங்கள். காற்றுக் குழாய்க்கு பி.வி.சி. எக்காரணம் கொண்டும் வேண்டாம், உடைந்தால் துண்டுகளாகச் சிதறும். அரை அங்குல ஜி.ஐ. பைப்பை லேசாகச் சரித்து, கீழே இறங்கும் ஒவ்வொரு கிளைக் குழாயையும் மெயின் லைனின் மேல்பக்கத்திலிருந்து வளைத்து எடுங்கள். அப்போதுதான் குழாயில் சேரும் தண்ணீர் உங்கள் பெயின்ட் கன்னுக்கு வராது. கடைசி முனையில் வடிகால் வால்வு.

10. எண்ணெயும் நெருப்பும்

கை கழுவும் தண்ணீருக்கு மூன்று அறைத் தொட்டி கட்டுங்கள். முதல் அறையில் மண் படியும், அடுத்ததில் எண்ணெய் மிதக்கும், மூன்றாவதற்குத் தண்ணீர் அடிவழியாக மட்டும் போகும். பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் போகும்படி கொடுங்கள். அது 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. கரையானுக்கு ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். விற்பனைக்கு இல்லாத பெட்ரோலை உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரை வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. வேலைக்கு 5 லிட்டரே ஏராளம். 6 கிலோ ஏ.பி.சி. பவுடர் அணைப்பான் இரண்டு, இரண்டும் வாசலோரம். பெஞ்சுக்குப் பக்கத்தில் மாட்டினால் தீப்பிடித்த இடத்துக்குள் போய்த்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

11. லிஃப்ட் மாட்டும் நாள்

தரைக்கு 28 நாள் ஆன பிறகு துளை போட்டு, துளையின் தூசியை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதி, பிறகு ஆங்கர் (தூணைத் தரையோடு பிடிக்கும் போல்ட்). தூசி மிஞ்சினால் கெமிக்கல் ஆங்கர் பிடிக்காது. தூண்கள் தூக்குக்குண்டுக்குச் சரியாக நிற்கின்றனவா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். ஆங்கர்களைத் தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கி, முதலில் லேசான வண்டியை ஓர் அடி மட்டும் தூக்கி, லிஃப்டின் பாதுகாப்புப் பூட்டில் உட்கார வைத்து, காரை ஆட்டிப் பாருங்கள். பிறகு முழு உயரம், அடியில் யாரும் இல்லாமல். ஒரு வாரம் கழித்து எல்லா போல்ட்டையும் திரும்ப டார்க் ரெஞ்ச் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று மீண்டும் மீண்டும் சுற்றிக்கொண்டே போனால், அந்தத் தூணைச் சரி செய்யும்வரை லிஃப்டின் ஸ்விட்சை அணைத்தே வையுங்கள்.